காத்து கருப்பு

(அஞ்செட்டிக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஹோமப் புகை காற்றைச் சுத்தம் செய்கிறதென்றும், அதற்கு விஞ்ஞானமே சாட்சியென்றும் நம் ஜனங்களிடம் சொல்லப்பட்டு வருகிறது. நல்லது, அந்த விஞ்ஞானத்தையே கூண்டிலேற்றி விசாரிப்போம். எனக்குப் பெரிய படிப்புக் கிடையாது. விளங்கிக்கொண்ட மட்டில் சொல்லுகிறேன்.

டெலிபோனுக்குப் பேர்போன கிரகாம் பெல் 1880-இல் ஒரு வேடிக்கையைக் கண்டார். வெளிச்சத்தை விட்டுவிட்டு ஒரு பொருளின்மேல் விழச் செய்தால் அதிலிருந்து ஒலி பிறக்கிறது! மறு வருஷம் பல சாமான்களைச் சோதித்ததில் விளக்குக் கரி பலமாய்ச் சத்தமிட்டது. இதில் மாயமொன்றுமில்லை. கரி வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகிறது. பக்கத்துக் காற்று விரிகிறது. வெளிச்சம் நின்றதும் சுருங்குகிறது. காற்று அப்படி அதிர்ந்தால் அதுதானே சத்தம்?

இன்று இதையே கருவியாக்கியிருக்கிறார்கள். குழலுக்குள் ஊர்க் காற்றை இழுத்து, லேசர் வெளிச்சத்தை அக்குழலின் சுருதிக்கு ஒத்தபடி மினுக்கினால், நாயனத்தில் போல் ஒலி பெருகும். மைக் அதை அளக்கும். உப்புத்தூள் வெளிச்சத்தைச் சிதறடிக்குமே தவிர விழுங்காது. ஆகையால் அது ஊமை. கரிதான் பேசும். சில வாயுக்களும் பேசுமாதலால், வடிகட்டிய காற்றின் ஒலியைத் தனியே அளந்து கழித்துவிடுகிறார்கள். இந்தக் கருவி மந்திரம் சொன்ன கரி, சொல்லாத கரி என்று ஜாதி பார்க்குமா?

1999-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவரான வீரபத்ரன் ராமநாதன் முதலியோர் இந்து மகாசமுத்திரத்தில் ஆராய்ந்தபோது, கரி கலந்த பழுப்புப் படலம் கடல்மேல் பரவி நிற்கக் கண்டார்கள். ஆலை, லாரி, விறகடுப்பு எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. கடல் கிடக்கட்டும், களி கிண்டும் அடுப்படிக்கு வாருங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்புப்படி 2020-இல் வீட்டுப் புகையால் மாண்டவர்கள் சுமார் 32 லட்சம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 2,37,000-க்கு மேல்! நாமோ குழந்தை இருமினால் "காத்து கருப்பு" என்று வேப்பிலை அடித்து, சாம்பிராணிப் புகையும் போடுகிறோம். காத்து கருப்புதான், ஒப்புக்கொள்கிறேன், காற்றிலுள்ள கறுப்பு!

ஹோமத்தில் கிருமி சாகாதா என்று ஒருவர் சீட்டனுப்பியிருக்கிறார். சில சாகலாம் ஐயா. அந்தப் புகையைத்தான் உம் குழந்தையின் நுரையீரலும் இழுக்கிறது.

சிலிண்டர் வாங்கப் பணமேது என்று அந்த அம்மாள் கேட்டது நியாயம். அது சர்க்காரைக் கேட்கவேண்டிய கேள்வி, சேர்ந்தே கேட்போம். அதுவரையில் அடுப்புக்குமேல் புகைபோக்கியாவது வைக்கலாமே! யார் வீட்டில் முதலில் வைப்பதென்று கூட்டம் கலைவதற்குள் சொல்லுங்கள். நானும் மண் குழைக்க வருகிறேன்.