மரங்களுக்கும் ஒரு பதிவேடு

(ஆலயப் பொன்விழாவையொட்டிக் கூடிய பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா நினைவாக 50 மரக்கன்றுகள் நடுவதென்று பேரவை முடிவு செய்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கன்று என்பது நல்ல எண்ணம், மனமார வரவேற்கிறேன். ஆனால் நடுவதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நம் பங்கில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது; திருமணப் பதிவேடும் மரணப் பதிவேடும் இருக்கின்றன. ஏட்டில் பெயர் ஏறியவர் நம் கணக்கில் வந்துவிடுகிறார். அவருக்கு ஒரு குறை என்றால் விசாரிக்க ஆள் உண்டு. நம் தெருக்களில் நிற்கும் மரங்களுக்கு அப்படி ஓர் ஏடு உண்டா? இல்லை. ஆகவேதான் நேற்று நின்ற மரம் இன்று காணோமென்றாலும் கேட்பாரில்லை. நம் சென்னையிலே புரசைவாக்கம், புரச மரத்தால் பெயர் பெற்ற இடம். இன்று புரச மரம் எது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் அடையாளம் காட்டுவோம்?

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் இந்நகரத்தைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. பழி முழுவதையும் காற்றின் மேல் போட்டுவிடலாமா? மரத்தின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேதான் பரவுகின்றன. அவற்றுக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். நாமோ அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிடுகிறோம். குழாய் பதிக்கவும் கம்பி பதிக்கவும் ஒரு பக்கத்து வேரை வெட்டிவிடுகிறோம். விளம்பரத் தட்டிக்காக ஆணி அடிக்கிறோம். ஆணிப் புண் வழியே பூஞ்சை நுழைகிறது. இப்படிப் பலமிழந்த மரத்தைப் புயல் தள்ளிவிடுவதில் வியப்பென்ன?

2013-ஆம் ஆண்டிலே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி நகரத்து மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றும்படி உத்தரவிட்டது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலிலே, மனிதர் சிமெண்டுக்கும் தாருக்கும் நடுவே இயற்கையின் தொடர்பற்று வாழ நேர்வதைக் கண்டு வருந்தினார். அவ்வாண்டிலேயே செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பாதுகாப்புக்கான செப நாளாகவும் ஏற்படுத்தினார்.

லூக்கா நற்செய்தியில் வரும் கனி கொடாத அத்திமரத்தை நினைத்துப் பாருங்கள். வெட்டிவிடு என்கிறார் தோட்டத்தின் உரிமையாளர். தொழிலாளியோ, இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கும்படி மன்றாடி, சுற்றிலும் மண்ணைக் கொத்தி எரு போடுவதாகச் சொல்கிறான். புதிய மரம் வைப்பதாக அவன் சொல்லவில்லை. நிற்கிற மரத்துக்காகவே பரிந்து பேசுகிறான். நம் தெரு மரங்களுக்காகப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இளைஞர்களும் மறைக்கல்வி மாணவர்களும் இரண்டிரண்டு பேராகத் தெருத் தெருவாகச் செல்லட்டும். ஒரு தாளில் தெருவை வரைந்து, எந்தக் கதவிலக்கத்துக்கு எதிரே என்ன மரம் நிற்கிறதென்று குறிக்கட்டும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நாடாவைச் சுற்றிப் பருமனை அளந்து எழுதட்டும். ஆணி உண்டா, சிமெண்ட் நெருக்குகிறதா, பொந்து விழுந்திருக்கிறதா என்பதையும் சேர்க்கட்டும். பெயர் தெரியாவிட்டால் தெருப் பெரியவர்களைக் கேட்கட்டும். அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடியும் கணக்கெடுத்தால், எது வளர்ந்தது, எது மறைந்தது என்பது விளங்கிவிடும். எங்கே இடம் காலியாக இருக்கிறதென்றும் தெரியும்; அங்கேதான் நம் 50 கன்றுகளும் போக வேண்டும். அகன்ற இடமானால் புங்கம், நாவல், மகிழம் வைக்கலாம். கடற்காற்றுக்குப் புன்னையும் பூவரசும் ஈடுகொடுக்கும். மின்கம்பிக்கு அடியில் மந்தாரை, பவளமல்லி போன்ற சிறு மரங்களே போதும். ஒவ்வொரு கன்றையும் ஒரு குடும்பம் ஏற்று, முதல் இரண்டு கோடைகளுக்காவது தண்ணீர் ஊற்ற வேண்டும். நட்ட அன்று எடுக்கும் புகைப்படம் கன்றைக் காப்பாற்றாது.

கடைசியாக ஒன்று. வாகனங்கள் நிறுத்த ஆலய முற்றத்திலே சிமெண்ட் தளம் போடப் போவதாகப் பேசப்படுகிறது. அது தேவைதான், தடுக்க நான் வரவில்லை. ஆனால் முற்றத்து வேம்புகளைச் சுற்றி நாலு பக்கமும் மூன்றடியாவது மண்ணை விட்டுவிடுங்கள் என்று பேரவையைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதனால் இரண்டு வண்டிகளுக்கு இடம் குறையலாம். பூசைக்கு வரும் முதியோருக்கும், தேர்த் திருநாளில் காத்து நிற்கும் குழந்தைகளுக்கும் நிழல் குறையாது.

நம் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த வேம்புகளின் பெயரையே எழுதுவோம். படைத்தவர் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.