பூக்கக் கூடாத புல்லும் பூத்தே ஆகவேண்டிய புல்லும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடந்தான் கொடுத்திருக்கிறார்கள். புல்லைப் பற்றிப் பேச அது போதும்.

நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் புல். மாசி பிறந்துவிட்டால் சோளத்தட்டுப் போர்தான் கதி. ஆகவே தீவனப்பயிர் ஆராய்ச்சியில், "வருஷத்துக்கு எத்தனை டன்?" என்பதோடு, "சித்திரையில் என்ன கிடைக்கும்?" என்றும் கேட்க வேண்டும்.

இதில் பூவுக்குப் பெரிய பங்கு உண்டு. கதிர் வாங்கிய புல்லில் இலை குறையும், தண்டு முற்றும். மாடு மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க! நேப்பியர், பகல் குறுகும் காலத்தில் பூக்கிற புல். எனவே தாமதமாகப் பூப்பதைத் தேர்வு செய்கிறோம்.

1953-இல் கோவையில் கம்பையும் நேப்பியரையும் இணைத்தார்கள். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, பிறந்த ஒட்டுப்புல்லுக்கு 21. இவை சரியாகச் சோடி சேராததால் விதை பிடிக்காது. அதனால் நட்டமில்லை, கரணை நட்டால் போதும், களையாகவும் பரவாது. 2008-இல் வெளியான கோ 4 ரகம், 75-80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று என எக்டருக்கு ஆண்டுக்கு 380-400 டன் தருகிறது.

ஆனால் அது கிணற்றுத் தண்ணீர் கேட்கும் புல். காங்கேயம், தாராபுரம் கொறங்காட்டுக்கு அது ஆகாது. கிளுவை வேலிக்குள், வெள்வேல மரத்தடியில், மானாவாரியாக நிற்பது கொழுக்கட்டைப் புல். வறட்சியில் தூர் செத்தாலும், உதிர்ந்த விதைதான் அடுத்த மழைக்கு முளைக்க வேண்டும். அது பூத்தே ஆகவேண்டும்!

அதை மேம்படுத்துவதும் லேசல்ல. பெரும்பாலும் கருவுறாமலே விதை கட்டுவதால் பிள்ளை தாயைப் போலவே இருக்கும். ஒட்டுச் சேர்க்க இடமில்லை. 1960-ஐ ஒட்டி டெக்சாசில் கருவுற்று விதைக்கும் செடி கிடைத்த பிறகே அந்த வழி திறந்தது. விதையும் ஒருசேர முற்றாது. கையால்தான் உருவ வேண்டும்.

மாணவர்களே, ஒரே அளவுகோலை இரண்டு புல்லுக்கும் வைக்காதீர்கள். தோட்டத்துக்குப் பூக்கத் தயங்கும் புல். காட்டுக்குத் தானே விதைத்துக்கொள்ளும் புல். கோடை அறுப்பைத் தனியாக எடை போடுங்கள். புல் அற்றுப்போன கொறங்காடு மனைக்கட்டாவதற்கு வெகுநாள் ஆகாது. அதோடு காங்கேயம் மாட்டுக்கும் இடம் போய்விடும்.