பிளாஷ் செருகுநிரலும் அதனைப் பயன்படுத்தியோர் தீர்ப்பும்

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இணையத்திற் படக்காட்சி ஒன்றைக் காண முயன்றவர்கள் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்தைத் திறந்தவுடன் எழுத்துக்கள் வரும், நிழற்படங்கள் வரும், படம் ஓடவேண்டிய இடத்தில் மட்டும் வெறும் பெட்டியும், சிறுவர் பொருத்தி விளையாடும் புதிர்த்துண்டு ஒன்றின் உருவமும் தோன்றும். இதனைக் காண்பதற்குச் செருகுநிரல் ஒன்று தேவை என்ற அறிவித்தலும் அதனருகே நிற்கும். அதற்குப் பணிந்தவர் எத்தனை பேர், சினந்தவர் எத்தனை பேர், ஒன்றும் விளங்காமற் கணினியை மூடிவிட்டு எழுந்து போனவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் எவருமிலர். எனினும் உலகெங்கும் பரவியிருந்த ஒரு மென்பொருளின் விதியை நிர்ணயிப்பதில் அவர்களுடைய கருத்துக்கும் பங்குண்டு. அந்த மென்பொருளே பிளாஷ்.

செருகுநிரல் என்பது யாது? இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி, தொடக்கத்தில் எழுத்தையும் அசையாப் படத்தையும் மாத்திரமே காட்ட அறிந்திருந்தது. நெற்ஸ்கேப் நிறுவனத்தார் 1996ஆம் ஆண்டளவில் தம் உலாவியில் ஒரு வாயிலைத் திறந்துவைத்தனர். பிறர் செய்த சிறு மென்பொருள்கள் அவ்வாயிலினூடே புகுந்து, உலாவிக்குத் தெரியாத வேலைகளைச் செய்து கொடுக்கலாம். மாடு கறக்கத் தெரியாத வீட்டுக்காரர் அயலவரை அழைப்பது போன்ற ஏற்பாடு இது. அயலவர் நல்லவராயின் வீட்டுக்கு நன்மையே. ஆயின் அவர் உள்ளே என்ன செய்கிறார் என்பதை வீட்டுக்காரர் முற்றாக அறியார்.

படக்காட்சி முழுவதையும் தரவிறக்கிய பின்னர் பார்ப்பது ஒரு முறை. வந்த பகுதியைக் காட்டிக்கொண்டே எஞ்சியதைப் பெறுவது மற்றொரு முறை. வாய்க்காலில் நீர் வரவரப் பாத்திக்குத் திருப்புவது போன்றது. இவ்வகையில் 1995இல் ஒலியையும் 1997இற் படத்தையும் அளித்தது, பின்னாளில் ரியல் நெற்வேர்க்ஸ் எனப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம். அப்பிள் நிறுவனத்தின் குயிக்ரைமும், மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் மீடியாவும் அதனோடு போட்டியிட்டன. ஓரிடத்திற்கு ஒன்று, மற்றோரிடத்திற்கு வேறொன்று என மூன்றையும் வைத்திருக்க வேண்டியவராயினர் மக்கள். வானொலிப் பெட்டியை எந்த நாட்டார் செய்தாலும் காற்றில் வரும் அலையை அது ஏற்கும். இணையப் படக்காட்சிக்கோ அத்தகைய பொதுநியதி அன்று இருக்கவில்லை.

அந்தக் குழப்பத்தினுள்ளே வந்ததுதான் பிளாஷ். ஜொனதன் கே என்பவரும் அவருடைய தோழர்களும் சித்திரங்களை அசையச் செய்வதற்காக ஒரு மென்பொருளை 1996இல் வெளியிட்டனர். அதனை மக்ரோமீடியா நிறுவனம் வாங்கிப் பிளாஷ் எனப் பெயரிட்டது. 2002இல் வெளிவந்த ஆறாவது பதிப்பிற் படக்காட்சியை ஓட்டும் ஆற்றலும் சேர்ந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் மக்ரோமீடியாவையே அடோபி நிறுவனம் தனதாக்கிக்கொண்டது. அதே ஆண்டிற் பிறந்த யூரியூப், பிளாஷை நம்பியே தன் கடையை விரித்தது.

அக்காலத்தில் மக்கள் அதனைப் பாராட்டியதில் வியப்பில்லை. அசையும் சித்திரங்களையும் விளையாட்டுக்களையும் காண்பதற்காகப் பெரும்பாலானோர் அதனை முன்னரே நிறுவியிருந்தனர். ஆதலாற் புதிதாக ஒன்றையும் தேடவேண்டியிருக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் அதே பக்கத்தினுள்ளே படம் ஓடியது. தனியே ஒரு சாளரம் திறந்து, இணைப்பின் வேகம் என்னவென்று விசாரித்து, பின்னர் அரைகுறையாக ஓடி நிற்கும் பழைய செருகுநிரல்களோடு ஒப்பிடின் இது பெரிய விடுதலை. இன்று பிளாஷை இகழ்வோர் இந்த நன்றியை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் குறைகளும் விரைவிலேயே எழுந்தன. படம் ஓடத் தொடங்கியதும் கணினியின் விசிறி இரையும். மடிக்கணினி அடுப்புக்கல்லைப் போலச் சூடாகும். சில வேளை உலாவி முழுவதும் உறைந்துபோகும். விளம்பரகாரரும் அதே செருகுநிரலைக் கையாண்டமையால், கேளாத ஓசையும் வேண்டாத ஆட்டமும் பக்கந்தோறும் புகுந்தன. இதனைப் பொறுக்கமாட்டாதோர், தாமே அனுமதித்தாலன்றிப் பிளாஷ் ஓடாதவாறு தடுக்கும் வேறு சிறு நிரல்களைத் தேடி நிறுவினர். ஒரு செருகுநிரலை அடக்குவதற்கு மற்றொன்று! இதைவிடத் தெளிவாக மக்கள் தம் கருத்தைக் கூறுதல் அரிது. புதிய பதிப்பைத் தரவிறக்கச் சென்றவர்களோ, வேறொரு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கும் சேர்த்து அங்கே முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்டிருப்பதைக் கண்டனர். கவனியாதவர் வீட்டிற்கு அழையாத விருந்தாளியும் வந்து சேர்ந்தார்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டோரின் மனக்குறை வேறு வகையானது. பிளாஷின் எட்டாவது பதிப்பு அவர்களுக்கு வெளியிடப்படவே இல்லை. ஏழாவது பதிப்போடு காத்திருந்தோருக்கு ஒன்பதாவது பதிப்பு 2007 ஜனவரியிலேதான் கிடைத்தது. 64 பிற் கணினிக்கான பரீட்சார்த்தப் பதிப்பு 2008 நவெம்பர்வரை வரவில்லை. மூலநிரல் அடோபியின் கையிலே பூட்டியிருந்தமையால், தம் குறையைத் தாமே திருத்திக்கொள்ளவும் அவர்களால் இயலவில்லை. பார்வையற்றோர் நிலை இன்னும் கடினமாயிருந்தது. திரையைப் படித்துச் சொல்லும் கருவிகளோடு பேசும் வசதி ஆறாவது பதிப்பிலேயே சேர்க்கப்பட்டிருந்தும், பக்கத்தை அமைத்தவர் பொத்தான்களுக்குப் பெயரிட மறந்தால் அவ்வசதியாற் பயனில்லை. பெயரிட மறந்தோர் பலர். இவ்விரு சாராரும் தொகையிற் சிறியோர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் பிளாஷின் உண்மையான குறை எங்கே இருந்தது என்பதை முதலிற் கண்டுரைத்தோர் இவர்களே.

இந்தப் பிணக்கு ஒரு நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தையும் தொட்டது. பிரித்தானியாவில் தொலைக்காட்சிக்கென அனுமதிக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் பணத்திலேயே பி.பி.சி. இயங்குகின்றது. 2007 யூலை மாதத்தில் அது ஐபிளேயர் என்னும் சேவையைத் தொடங்கியது. ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை ஒரு வாரம்வரை இணையத்திற் பெறலாம். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கணினியில் மட்டுமே. கட்டணத்தை எல்லாரிடமும் பெற்றுக்கொண்டு, வாயிலை ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு மட்டும் திறப்பது நியாயமோ என்று மக்கள் கேட்டனர். பிரதம மந்திரியின் இணையத்தளத்திலே முன்வைக்கப்பட்ட மனுவில் 16,000 பேருக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். பி.பி.சி.யை மேற்பார்வை செய்த சபையும், எல்லாக் கணினிகளுக்கும் இச்சேவை கிட்டவேண்டும் என்று முன்னரே வற்புறுத்தியிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரிற் பி.பி.சி. கண்ட வழி யாதெனில், பிளாஷின் மூலம் நிகழ்ச்சிகளை நேரே உலாவியில் ஓடவிடுவதாகும். மக்கின்ரொஷ் வைத்திருந்தோரும் லினக்ஸ் வைத்திருந்தோரும் அன்று முதன்முறையாக அந்நிகழ்ச்சிகளைக் கண்டனர். பெரும்பாலானோர் மகிழ்ந்தனர். ஒரு பூட்டைக் கழற்றி மற்றொரு பூட்டை மாட்டினார்கள் என்று முணுமுணுத்தோரும் உளர். இரு தரப்பினர் சொல்லிலும் உண்மை இருந்தது.

2010 ஏப்பிரில் 29ஆம் திகதி அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். தம் கைத்தொலைபேசியிலும் பலகைக் கணினியிலும் பிளாஷுக்கு ஏன் இடமில்லை என்பதற்கு அவர் ஆறு காரணங்கள் காட்டினார். கணினிக்குள் இருக்கும் தனிப்பகுதியொன்றினாற் படத்தை விரித்தால் ஐபோன் 10 மணி நேரம்வரை ஓடும்; மென்பொருளினால் விரித்தால் 5 மணி நேரமும் ஓடாது என்பது அவற்றுள் ஒன்று. இணையத்தின் படக்காட்சிகளில் 75 வீதம் பிளாஷிலேயே உள்ளன என்று அடோபி கூறிவந்ததற்கு, அவற்றின் பெரும்பகுதி புதிய வடிவத்திலும் கிடைக்கின்றது என விடையிறுத்தார். அப்பிள் தன் கடையின் வருவாயைக் காக்கவே இவ்வாறு பேசுகின்றது என்று பலர் கூறினர். அவ்வையம் தவறென்று சொல்லிவிட இயலாது. ஆனால் தீர்ப்பை அளித்தது கடிதமன்று; கையிலிருந்த கருவியே. அதே ஆண்டில் அன்ரொயிட் தொலைபேசிகளிற் பிளாஷ் வந்தபோது, ஆவலோடு நிறுவியோர் அதன் மந்தத்தைத் தாமே கண்டனர். 2011 நவெம்பரில் அடோபி அம்முயற்சியைக் கைவிட்டது.

எஞ்சிய கதையை விரைவிற் சொல்லிவிடலாம். செருகுநிரலின் உதவியின்றி உலாவியே படத்தை ஓட்டும் எச்.ரி.எம்.எல். 5 முறையை யூரியூப் 2015 ஜனவரியிற் பொதுமுறையாக்கியது. அவ்வாண்டு யூலையில், அரசாங்கங்களுக்கு உளவு மென்பொருள் விற்றுவந்த இத்தாலிய நிறுவனமொன்றின் கோப்புக்கள் வெளியே கசிந்தன. பிளாஷில் எவருமறியாதிருந்த ஓட்டைகளை அந்நிறுவனம் வைத்திருந்தமை அம்பலமாயிற்று. மொசில்லா தன் உலாவியிற் பிளாஷைச் சில நாள் தடுத்துவைத்தது. முகநூல் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி, அதற்கு ஒரு முடிவுநாளைக் குறியுங்கள் என்று பகிரங்கமாகவே கேட்டார். 2017இல் அடோபி அந்நாளைக் குறித்தது. 2020 டிசெம்பர் 31ஆம் திகதி ஆதரவு முடிவுற்றது. 2021 ஜனவரி 12ஆம் திகதிமுதல் பிளாஷ் தானே ஓட மறுத்தது.

ஏசியவர்களே ஏங்கியதும் அதன் பின்னர்தான். படக்காட்சிகளை வேறு வடிவத்திற்கு மாற்றுதல் எளிது. யூரியூப்பிற் பழைய படங்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனாற் பிளாஷிலேயே ஆக்கப்பட்ட விளையாட்டுக்களையும் பாடங்களையும் அவ்வாறு மாற்ற முடியாது. அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் பௌதிகப் பரிசோதனைகளைத் திரையிற் செய்து பார்ப்பதற்கு அமைத்திருந்த பாடங்களிற் பலவற்றைப் புதிதாக எழுதவேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஆளும் பொருளும் இருந்தன. தன் வகுப்புக்காகத் தனியே ஒரு பாடத்தை ஆக்கி வைத்திருந்த ஆசிரியருக்கு அவை இல்லை. தென்னாபிரிக்காவின் வரித் திணைக்களமோ, பிளாஷிற் செய்த படிவங்களை உரிய காலத்தில் மாற்றாது விட்டு, அவற்றைத் திறப்பதற்கெனவே 2021இல் தனியான ஓர் உலாவியை வெளியிட்டது.

ரஃபிள் என்னும் மென்பொருள் இப்போது அவ்விழப்பிற் சிலவற்றை மீட்கின்றது. தன்னார்வத்தோர் எழுதிய இது, செருகுநிரல் ஏதுமின்றிப் பழைய பிளாஷ் ஆக்கங்களை உலாவியினுள்ளேயே இயக்குகின்றது. அதன் மூலநிரலும் யாவருக்கும் திறந்தது. இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகம் 2020 நவெம்பரிலிருந்து அதனைக் கொண்டு பழைய விளையாட்டுக்களையும் அசையும் சித்திரங்களையும் காப்பாற்றி வருகின்றது. லினக்ஸ் வைத்திருப்போரும் அவற்றை மற்றோரைப் போலவே அங்கு சென்று பார்க்கலாம்.