முதலில் எது?



செயலியில் எவ்வசதியை முதலில் அமைப்பது? ‘ரைஸ்’ முறை பயனர் எண்ணிக்கை, பயன், நம்பகம் ஆகியவற்றைப் பெருக்கி, உழைப்பால் வகுக்கிறது. 1994இல் டாய் கிளெக் வகுத்த ‘மாஸ்கோ’ முறையோ இன்றியமையாதது, வேண்டுவது, இருந்தால் நல்லது, இப்போதைக்கு வேண்டாதது எனப் பிரிக்கிறது.

தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய, 2020 மார்ச்சில் நம் நாட்டில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தது. திறன்பேசி இல்லாத முதியோர்க்கு ஜூன் இறுதியில் தனிக் கருவி வழங்கத் தொடங்கினர். தலையெண்ணிக்கை மட்டுமே அளவுகோலாயின், அம்முதியோர் கடைசி வரிசையிலேயே நின்றிருப்பர். தொற்றின் ஆபத்தோ அவர்களுக்கே மிகுதி.

ஆகவே, இன்றியமையாததை முதலில் பிரிப்போம், எஞ்சியதற்கே கணக்கிடுவோம். நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றான தமிழும், எண்ணிக்கையால் மட்டும் அளந்தால், என்றும் பின்னேதான் நிற்கும். இதை நாம் மறவாதிருப்போம்.