யூரின் டியூப்: போடுவது செவிலியர், காப்பது நாம்

(செம்பரம்பாக்கத்தில் படுக்கை நோயாளிகளின் குடும்பத்தாரிடம் ஒரு செவிலியர் பேசியது)



நம்ம பக்கம் நிறைய வீடுகளில் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். நைட் ஷிப்டு முடிந்து வந்தால், அப்பாவின் டியூப் கழன்று கிடக்கும். “வீடியோ பார்த்து நானே போட்டுடவா, சிஸ்டர்?” என்று கேட்பார்கள். வேண்டாம் தம்பி. ஏன்னு சொல்றேன்.

நாங்கள் கை கழுவி, கிருமி நீக்கிய கையுறை மாட்டி, அந்த இடத்தைச் சுத்தம் செய்து, ஜெல் விடுவோம். டியூப் நுனி வேறு எதிலாவது பட்டால் புது டியூப்தான். தடுத்தால் அழுத்தித் தள்ள மாட்டோம். சிறுநீர் வந்த பிறகும் இன்னும் உள்ளே செலுத்தி, அப்புறம்தான் நுனியில் உள்ள பலூனில் கிருமி நீக்கிய தண்ணீர் ஏற்றுவோம். பெரும்பாலும் 10 மி.லி. முன்னாடியே ஏற்றினால் பலூன் சிறுநீர்ப் பாதையில் விரிந்து கிழித்துவிடும். மாட்டியிருக்கும் டியூபைப் பிடித்து இழுத்தாலும் அதே ஆபத்துதான்.

உங்கள் கையில் இருப்பது இவை:

• டியூபைத் தொடும் முன்பும் பின்பும் சோப்பால் கை கழுவுங்கள்.
• தினமும் சோப்புத் தண்ணீரால், உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள்.
• பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. ஏரித் தண்ணீர் மதகு வழியாகப் பள்ளத்துக்குத்தானே ஓடும்? பையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும்.
• மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள்.
• டியூப் மடங்காமல் பாருங்கள். பையிலிருந்து கழற்றாதீர்கள்.
• மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். “இன்னும் டியூப் தேவையா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவையில்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வாய்ப்பு.

சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினாலோ, குளிர் காய்ச்சல், ரத்தம், சீழ் கண்டாலோ காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104. டியூப் கழன்றுவிட்டால் பழையதைத் திரும்பச் செருகாமல் அன்றே காட்டுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கை நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். கட்டணம் கிடையாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

பெத்தவங்களைப் பார்த்துக்கணும்ங்கிற மனசு உங்களுக்கு இருக்கு. டியூப் போடுற வேலையை மட்டும் எங்களுக்கு விடுங்க.