குந்திரிக்கமும் மூளைக்கட்டியும்



கடும் மூளைப் புற்றுக்கு மூலிகை மருந்து உண்டா எனப் பலரும் வினவுகின்றனர். ஓரளவேனும் சான்றுள்ள ஒன்றைக் கூறுகிறேன். அது தணலில் இட்டுப் புகைக்கும் குந்திரிக்கம்.

ஜெர்மனியில் 44 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. அனைவருக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. ஒரு பிரிவினர்க்கு மட்டும் நாளொன்றுக்கு 4,200 மில்லிகிராம் குந்திரிக்கச் சாறு. மற்றவர்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. மூளை வீக்கம் முக்காற்பங்குக்கு மேல் வடிந்தோர் முதற் பிரிவில் 60 விழுக்காடு, மற்றதில் 26. வடிந்தது வீக்கமே, ஆயுள் நீண்டதென அவ்வாய்வு நிறுவவில்லை. கடைப் பிசினும் அளந்து கொடுத்த அச்சாறும் ஒன்றல்ல.

பிழை நேர்வது இங்கேதான். தலைவலி சற்றுத் தணிந்ததும், மூலிகை போதுமென்று டெக்ஸாமெதாசோன் மாத்திரையைச் சிலர் நிறுத்திவிடுகின்றனர். திடீரென நிறுத்தினால் வீக்கம் மீளும். உடலின் இயற்கைச் சுரப்பும் குன்றியிருப்பதால் உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சொற்படி, சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது. செல்லும்போது, வைத்தியர் கொடுத்த சூரணமோ லேகியமோ எதுவாயினும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கடிந்துகொள்வாரோ என்று மறைக்க வேண்டாம்.