கொசுவின் இன்னொரு மூக்கு



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியோடு ஒரு பதற்றமும் சேர்ந்தே வந்தது. புதுச்சேரியில் கொசுவைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. நாம் வி.சி.ஆர்.சி. என்று அழைக்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்கும் ஊர் இது. 1981 முதல் 1985 வரை பி. கே. ராஜகோபாலன் தலைமையில் சாக்கடைகளைச் சீர்செய்தும், கிணறுகளில் பாலிஸ்டைரின் மணிகளைப் பரப்பியும், மீன்களை விட்டும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவை எதிர்கொண்ட ஊர். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் இங்கே பேச வேண்டும்.

பூச்சிகளின் வேதியுணர்வும் அதன் பயன்பாடும் என்பது நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள். அந்துப்பூச்சிகளின் இனக்கவர்ச்சிப் பொறிகள் பற்றியும், பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தன் உதட்டுப் பால்ப்பு என்னும் வாயுறுப்பின் நுனியில் உள்ள சிறு குழியால் கார்பன் டை ஆக்சைடை உணர்வது பற்றியும் பிற்பகல் அமர்வில் பேசுவார்கள். அவற்றை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். என் மனத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் ஒரு வழக்கை இந்த அவையின் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு பெண் கியூலெக்ஸ் கொசுவைக் கைலென்ஸின் கீழ் வையுங்கள். உணர்கொம்புகள் இரண்டும் உடனே தெரியும். நீண்ட உறிஞ்சுகுழல் தெரியும். அந்தக் குழலின் அடியில், இரு பக்கமும், குழலின் ஐந்தில் ஒரு பங்கு நீளம்கூட இருக்குமோ என்னும்படி இரண்டு குட்டைக் கட்டைகள் இருக்கும்; இவையே தாடைப் பால்ப்புகள். அனாபிலிஸ் பெண்ணில் இவை குழலளவு நீண்டிருப்பதால் இனம் பிரிக்கப் பயன்படும் என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அத்தோடு பால்ப்பை மூடி வைத்துவிடுகிறோம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதே கட்டையின் கடைசிக் கணுவைப் பார்த்தால், சென்சில்லா எனப்படும் தலை பருத்த சிறு உணர்முளைகள் செதில்களுக்கிடையே நிற்கின்றன. ஒவ்வொரு முளையின் மெல்லிய சுவரிலும் நுண்துளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நியூரான்கள். ஒன்று நம் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடுக்கு விழிக்கும். இன்னொன்று ஆக்டினால் என்னும் வாசனைப் பொருளுக்கு. முளையின் அடியில் டங்ஸ்டன் ஊசியைச் செருகி, ஒலிபெருக்கியை இணைத்து, அருகில் ஒரு முறை மூச்சு விட்டுப் பாருங்கள்: படபடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். வெளிக்காற்றில் 0.04 விழுக்காடு இருக்கும் வாயு, நம் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு. அந்த வித்தியாசத்தைக் கொசு வாயருகே வைத்து அளக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் பால்ப்பு ஒரு மோப்ப உறுப்பு என்று சொல்ல எழுந்தேன். நான் பெரிதும் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர், வாயுறுப்பு சுவைக்கானது, மோப்பம் உணர்கொம்புக்கானது என்று கூறி என்னை அமர வைத்தார். பின்னாளில் கார்பன் டை ஆக்சைடு ஏற்பிகள் சுவை ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தபோது, அவர் பக்கம் வலுப்பெற்றதாகப் பலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குடும்பப் பெயர் வேலையைச் சொல்லிவிடாது. நரம்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் பழ ஈயின் மோப்பத்தை மரபியல் வழியில் ஆராய்ந்துகொண்டிருந்த இடத்தில், ஆர். என். சிங்கும் எஸ். வி. நாயக்கும் 1985இல் பழ ஈயின் பால்ப்பு சென்சில்லாக்களின் நுண்ணமைப்பையும் நரம்புப் பாதையையும் வரைந்து வெளியிட்டார்கள். பாதை மூளையின் மோப்ப மையத்துக்குப் போனது. 1999இல் பழ ஈயின் பால்ப்பிலுள்ள சுமார் 60 சென்சில்லாக்களின் 120 நியூரான்களை அமெரிக்காவில் வகை பிரித்தபோது, அந்த வரைபடம் அடித்தளமாக ஏற்கெனவே இருந்தது. ஈ வேறு, கொசு வேறு என்று சொல்வீர்கள். சரியே, பழ ஈ இந்த வாயுவை உணர்கொம்பில் உணர்கிறது. ஆனால் கொசுவின் பால்ப்பு நரம்பும் மோப்ப மையத்துக்கே போகிறது என்பது பின்னர் உறுதியானது. நான் பாடம் நடத்திய முப்பது ஆண்டுகளில், அந்த 1985 கட்டுரையைப் படித்துவிட்டு வந்த முதுகலை மாணவர் ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இன்னொரு தவறும் நம்மிடம் இருக்கிறது. ஏடிஸ் கொசுவில் கிடைத்ததை அப்படியே கியூலெக்ஸுக்கும் பொருத்திவிடுகிறோம். 2007இல் சையதும் லீலும் கியூலெக்ஸின் பால்ப்பு கார்பன் டை ஆக்சைடோடு நில்லாமல், தாவர வாசனைகள் உட்படப் பலவற்றை உணர்கிறது என்று காட்டினார்கள். மாட்டின் மூச்சிலிருந்து பிரித்தெடுத்த ஆக்டினால் ஈர்க்கும் பொருள் என்றே நாம் படித்திருக்கிறோம். கியூலெக்ஸின் பால்ப்பு அதை மிக நுட்பமாகவே உணர்கிறது. ஆனால் 2015இல் லீல் குழுவினர் செய்த சோதனையில், அதே ஆக்டினால் கியூலெக்ஸை விரட்டியது. உணர்வது வேறு, நாடிப் போவது வேறு. வேறொரு கொசுவுக்காகச் செய்த ஈர்ப்புப் பொருளைப் பொறியில் வைத்துவிட்டு, கொசு விழவில்லை என்றால் பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை.

1900இல் லோவும் ஜேம்ஸும் யானைக்கால் புழுவைக் கண்டது கொசுவின் உறிஞ்சுகுழலில். அந்தக் குழலை நம் தோல் வரை கொண்டுவந்து சேர்ப்பதில் அதன் அடியிலுள்ள இந்தக் குட்டைக் கட்டைக்குப் பெரும் பங்குண்டு. அதனால்தான் இவ்வளவு நேரம் இதைப் பற்றியே பேசினேன்.

இளைய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த வெளிநாட்டு ஏடிஸை ஒருபுறம் வையுங்கள். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பெரிய வாய்க்கால் இருக்கிறது. அதன் ஓரத்து வீடுகளில் விடியற்காலை சுவரில் ஓய்ந்திருக்கும் கியூலெக்ஸைப் பிடியுங்கள். அதன் பால்ப்பில் ஊசியைச் செருகி, நம் ஊர் வியர்வைக்கும் நம் ஊர் மாட்டின் மூச்சுக்கும் அது என்ன சொல்கிறது என்று பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுகளோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.